கல்லு எடுத்தாச்சு

இந்த ரோட்டோர ஊரை உண்டாக்கியது யார் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். "நான் வந்தப்ப இங்க ஒரு புளிய மரமும் ஒரு மைல் கல்லும்தான் இருந்துச்சு. என் கடையப் பாத்துத்தான் ஒவ்வொருத்தனா வந்தான்" என்பார். இன்று அந்த இடத்தில் மருந்துக் கடை, செல்போன் கடை, பஞ்சர் கடை, வங்கி, இரண்டு ஓட்டல், அவருக்கே சொந்தமான வாடகை வீடுகள் ஒரு வரிசை. கல்லாவுக்குப் பின்னால் அவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால் ரோட்டைப் போட்டதே அவர்தான் என்று தோன்றும்.

நான் இந்த வழித்தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நெரிசலில் கத்திக் கத்தி எனக்குப் பொறுமை என்பதே கிடையாது என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். அந்த மனிதர் அப்படி அளக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஊரை உண்டாக்கியது அவருடைய தங்கச்சி. அந்த அம்மாவுக்குத் தெரியாமலேயே அந்த வேலையை அவர் கையால் செய்ய வைத்தார்கள். அந்தக் கதையை ரோட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

ரோட்டிலிருந்து பிரிந்து ஒரு வழி மேலே ஏறுகிறது. மூச்சு வாங்க ஏறினால் மேடு வரும். மேடு என்றேதான் எல்லோரும் சொல்வோம். அப்போதெல்லாம் அதுதான் ஊர், கீழே இருந்தது வெறும் ரோடு. மேட்டில் அறுபது எழுபது வீடுகள், ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், ஒரு மளிகைக் கடை. பால் கேன்காரர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், டவுனில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மேல்வகுப்புப் பிள்ளைகள் என்று எல்லோரையும் விடியும்போதே ஏற்றிக்கொண்டு போவது எங்கள் பஸ். சாயங்காலம் கடைசி ட்ரிப்பில் மேட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டு, காலையில் முதல் வண்டியாகக் கிளம்பும். எங்கள் பாஷையில் இதற்கு ஹால்ட் என்று பேர். ஹால்ட் வண்டி இருக்கிற ஊருக்குக் கொஞ்சம் மிதப்பு இருக்கும். மேட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த பேர் மாப்பிள்ளை. பொழுது சாய வந்து தங்கும், காலையில் எழுந்திருக்க அடம் பிடிக்கும், நாலு பேர் கெஞ்சித் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். வேறு என்ன பேர் வைப்பது? அதற்கு செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருகினால் ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். ஆனால் மேட்டில் சரிவு இருந்தது. மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டால் போதும். காலையில் கல்லை எடுத்ததும் வண்டி தானாக உருளும். டிரைவர் அண்ணன் இரண்டாவது கியரைப் போட்டு வைத்து, வளைவு வந்ததும் கிளட்ச்சை விடுவார். ஒரு குலுக்கல், ஒரு தும்மல், பிறகு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த வளைவு வரைக்கும் உள்ளே இருக்கிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். எஞ்சின் பிடித்ததும் மொத்தப் பேரும் ஒன்றாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கல்லை எடுப்பவர்தான் அக்கா. மேட்டில் அவரை பஸ்காரம்மா என்பார்கள். சரிவின் தலைமாட்டில் அவர் வீடு. முன்னறையில் தையல் மெஷின், பக்கத்து அறை டிரைவர் அண்ணனுக்கும் எனக்கும். கணவர் இருந்தவரை அவர்தான் கல் எடுத்தாராம். அவர் போன பிறகு வேறு யாரையும் கேட்காமல் அக்காவே எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் தூரத்தில் இருந்தாள். எங்களுக்கு இரண்டு பாய், துவைத்த போர்வை, குளிக்க ஒரு தொட்டித் தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. என் காக்கிச் சட்டையில் பட்டன் போனால் நான் கேட்பதற்கு முன்பே தைத்து மாட்டியிருப்பார். டிரைவர் அண்ணனின் குறட்டையைப் பற்றி மட்டும் புகார் உண்டு. "வண்டிக்கு எடுக்காத செல்ஃப் இவருக்கு நல்லா எடுக்குது" என்பார்.

கல் இரண்டிலும் கயிறு கட்டி வைத்திருந்தார், ஓரமாக நின்று இழுக்க. இழுத்ததும் "கல்லு எடுத்தாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் டிரைவர் அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். அதற்கப்புறம் ரோடு வரும் வரை வண்டி நிற்காது. நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே! அதனால் கல் எடுத்தவர் அந்த வண்டியில் ஏற முடியாது. ஊரையே முதல் வண்டியில் அனுப்பிவிட்டு, அக்கா தன் வேலைக்கு அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருப்பார். இதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை, அவர் உட்பட.

அவருடைய அண்ணன், அதாவது நம் டீக்கடைக்காரர், அப்போது கீழே ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். லாரிக்காரர்கள் நின்றால் டீ விற்கும், இல்லையென்றால் ஈ ஓட்டுவார். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அவர் கொட்டகையை ஒட்டிச் சுற்றிலும் இடம் வாங்கிப் போட்டார். பிறகு ஃபேன், குழாய், குளியலறை எல்லாம் வைத்து ஒரு அறை கட்டினார். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு நாள் டீயைக் கொடுத்துக்கொண்டே டிரைவர் அண்ணனிடம் கேட்டார்.

"ஏன் அண்ணே, தெனமும் அந்த மேடு ஏறி எறங்குறீங்க? ஹால்ட்டை இங்கயே வெச்சுக்கலாமில்ல? ஃபேன் இருக்கு, குழாய் இருக்கு. எனக்கு ஒரு காசு வேணாம்."

டிரைவர் அண்ணன் சிரித்தார். "எனக்கு வேணா ஃபேன் போதும். என் வண்டிக்கு சரிவு வேணும். இந்தத் தரையில நிறுத்தினா காலையில நீயா தள்ளுவ? செல்ஃப் எடுக்குற வண்டி வந்தா பாத்துக்கலாம் போ."

அவ்வளவுதான் பேச்சு. நான் டீயைக் குடித்துவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்த மனிதர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் எங்கள் வண்டியிலேயே மேட்டுக்கு வந்தார். அபூர்வமாக வருகிறவர் என்பதால் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாங்களும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"பாப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஓட்டை வண்டியோட மாரடிக்கப் போற?" என்று ஆரம்பித்தார். நரை விழுந்த பிறகும் அண்ணனுக்குத் தங்கச்சி பாப்பாதான். "பொம்பளைங்க நாலஞ்சு பேரு சேந்து டிப்போவுக்குப் போங்க. நேரா மேனேஜரைப் பாத்துப் புது வண்டி கேளுங்க. பொம்பளைங்க போனா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

"அதெல்லாம் எனக்குப் பேச வருமாண்ணே?"

"உனக்கு வராம வேற யாருக்கு வரும்? தெனமும் கல்லு எடுக்குறவ நீ. உனக்கில்லாத உரிமையா?"

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. உரிமை என்று ஒரு ஆள், அதுவும் அண்ணன், தன் வாசலில் உட்கார்ந்து சொன்னால் யாருக்குத்தான் மலராது? எதிர்வீட்டுக்காரி உடனே "நான் வரேன்க்கா" என்று கிளம்பிவிட்டாள். அக்காவுக்கு உடன்பிறவாத தங்கச்சி மாதிரி அவள். காலையில் அடுப்பு பற்ற வைக்கும் நெருப்பிலிருந்து கஷ்டம் நஷ்டம் வரை எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள்.

டிப்போ மேனேஜரைப் பார்க்க முதல் வண்டியில் போனால்தான் ஆகும். அப்படியானால் கல் எடுப்பது யார் என்று கேள்வி வந்தது. "நான் எடுக்குறேன், நீ போயிட்டு வா பாப்பா" என்றார் அண்ணன். சொன்னபடி விடியலில் வந்து நின்றார். அன்றுதான் அக்கா முதல் வண்டியில் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வண்டி உருளும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் பிடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உள்ள இருந்து கேட்டா சத்தம் வேற மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

மேனேஜரிடம் அக்கா பேசியதை நான் வெளியே நின்று கேட்டேன். பால் திரிந்துபோவதைச் சொன்னார், பிரசவத்துக்குக் கிளம்பிய பெண்ணை வைத்துக்கொண்டு நடுவழியில் நின்ற வண்டியை ஊரே தள்ளியதைச் சொன்னார். மேனேஜர் நல்ல மனிதர். அப்படி அசந்துபோய் ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. மழை ஓய்வதற்குள் புது வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

புது வண்டி வந்த சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மேட்டில் மொத்தப் பேரும் சரிவில் கூடியிருந்தார்களாம். அக்கா வாசலைக் கூட்டி, எங்கள் அறைக்குப் புதுப் பாய் வாங்கிப் போட்டிருந்தார். "புது மாப்பிள்ளை வராரு" என்று கேலியும் சிரிப்புமாக நின்றிருக்கிறார்கள். கீழே ரோட்டில் எங்கள் வண்டியின் விளக்கு தெரிந்திருக்கிறது. பிறகு அது அணைந்திருக்கிறது.

எங்களுக்கு அன்று டிப்போவில்தான் சொன்னார்கள். புது வண்டிக்குச் சரிவு தேவையில்லை, டீசல் மிச்சம், ரோட்டில் ஊழியர்களுக்கு இலவசமாக அறை கிடைத்திருக்கிறது, இனிமேல் ஹால்ட் ரோட்டில். டிரைவர் அண்ணன் வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்தி சாவியை எடுத்தபோது, டீக்கடைக்காரர் அறைச் சாவியோடு தயாராக நின்றார். நான் விடுவிடுவென்று மேட்டுக்கு ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். யாரும் என்னை ஒன்றும் திட்டவில்லை. அக்கா மட்டும், "ரெண்டு பேருக்கும் சமைச்சு வெச்சிருக்கேனே தம்பி" என்றார்.

பகலில் இரண்டு ட்ரிப் மட்டும் மேட்டுக்கு ஏறும் என்று வைத்தார்கள். பகலில் யாருக்கு வேண்டும் பஸ்? பால் கேனோடும் கூடையோடும் இருட்டில் இறங்கி வந்தால்தான் முதல் வண்டி. பிள்ளைகள் வழுக்கி விழுந்தன. பகல் ட்ரிப்பில் கூட்டமில்லை என்று அதையும் நிறுத்தினார்கள். பால்காரர் ஒருவர் முதலில் ரோட்டோரம் இறங்கினார். பிறகு மளிகைக் கடை. பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பள்ளிக்கூடம் மூடியதும் மீதிப் பேரும் இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கெல்லாம் வாடகைக்கு வீடு தயாராக இருந்தது, சொந்தமாகக் கட்ட இடமும் இருந்தது. எல்லாம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்கு வயிறு எரிந்த விஷயம் வேறு. போகிற ஒவ்வொரு வீடும் போகிற போக்கில் அக்கா மேல் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனது. "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டா. பழைய வண்டியே போதும்னு இருந்திருந்தா இந்தக் கதி வருமா?" என்று அவர் காதுபடவே பேசினார்கள்.  அது தன் குற்றம்தான் என்று அக்காவே நம்பினார்.

அதனால்தான் மறுபடியும் டிப்போவுக்குப் போனார். இந்த முறை தனியாக. யாரும் கூட வரவில்லை, எதிர்வீட்டுக்காரிக்குத் தலைவலி.

"என்னம்மா, வண்டி நல்லா ஓடுதா?" என்று மேனேஜர் ஆசையாகக் கேட்டார்.

"நல்லா ஓடுது சார். அதான் வேணாம்னு சொல்ல வந்தேன்."

மேனேஜருக்குப் புரியவில்லை.

"எங்க பழைய வண்டியையே குடுத்துடுங்க சார். செல்ஃப் எடுக்காட்டியும் பரவால்ல. அது இருந்தா மேட்டுக்கு வந்துதான ஆகணும்? கல்லு நான் எடுத்துக்குறேன்."

 மேனேஜர் எழுந்து பின் ஜன்னலைத் திறந்து காட்டினார். டிப்போவின் பின்பக்கம் மாப்பிள்ளை நின்றது. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றார். சக்கரம் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டவர், ஒரு நாளும் சும்மா பயணம் செய்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், டீக்கடைக்காரர் யாரோ இடம் வாங்க வந்த ஆளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸு அங்க நின்னதே சரிவுக்காகத்தான். அது ஒண்ணுதான் பிடி. சரிவு தேவைப்படாத வண்டி வந்துட்டா எல்லாம் தானா கீழ எறங்கிடும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் போய்க் கேட்டா கெடைக்குமா? தங்கச்சிய அனுப்பி வெச்சேன். அவ கேட்டா, கெடைச்சுது" என்று சொல்லிச் சிரித்தார்.

டம்ளரைக் கீழே வைத்தேனா எறிந்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அன்று சாயங்காலமே ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். டிரைவர் அண்ணன் "உனக்கு எதுக்குய்யா அவங்க குடும்ப விவகாரம்?" என்றார். தன் தலையில் கட்டிய பழியை அந்த அம்மா சாகும் வரை சுமக்க வேண்டுமா? சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அக்கா மெஷினை நிறுத்தாமல் கேட்டார். தையலை முடித்து நூலைக் கடித்தார். மறுநாள் காலை நேராகக் கடைக்கு வந்தார். முதல் வண்டிக்கு ஆட்கள் கூடியிருந்த நேரம், முக்கால்வாசி மேட்டிலிருந்து இறங்கியவர்கள்தான்.

"அண்ணே, புது வண்டி கேளுன்னு சொன்னப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, "முதல்ல உக்காரு பாப்பா. டீ குடி" என்றார்.

"தெரியுமா தெரியாதா?"

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அந்தப் பொட்டல்ல கெடந்து என்ன பண்ணப் போற? உனக்கும் ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னை மட்டும் நிக்க வெச்சுக் கேக்குறியே, உன் கூட டிப்போவுக்கு வந்தாங்களே, அவங்களக் கேளு! அவங்கள்ல யாருக்கு இங்க எடம் இல்ல? உன் எதிர்வீட்டுக்காரி, நீ டிப்போவுக்குப் போறதுக்கு முந்தியே முனை எடம் வேணும்னு சொல்லி வெச்சவ. அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியலேன்னா நான் என்ன பண்ண?"

எதிர்வீட்டுக்காரி அந்தக் கூட்டத்தில்தான் கூடையோடு நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார். அவள் கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "புள்ளைங்க படிப்பு இருக்குல்லக்கா" என்றாள்.

அண்ணன் முகத்தில் அறைந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. அவர் உதடு கோணியது. "நீயுமாடி?" என்று கேட்டார், அதுவும் சரியாக வெளியே வரவில்லை. என்ன மனிதர்கள் இவர்கள்! தெரிந்தே கூட நடந்து போய், மேனேஜர் அறையில் பக்கத்தில் நின்று தலையாட்டி, பிறகு "உன்னாலதான்" என்று பழியையும் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். நான் கத்தினேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரரை யார் பகைத்துக்கொள்வார்கள்? வண்டிக்கு நேரமாகிறது என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

அக்கா மேட்டிலேயே இருந்துவிட்டார். மற்ற வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் ரோட்டுக்கு இறங்கின, சுவர்கள் மழையில் கரைந்தன. டவுனில் ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். வாரம் ஒரு முறை மூட்டையோடு இறங்குவார். அண்ணன் கடை முன்னால் நிற்க மாட்டார், வயல் பக்கமாக நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறுவார். மகள் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் யாரு வீட்டுக்கும் போறதா இல்ல" என்று சொல்லிவிட்டார். மகளையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று அவளுக்கு மனசு கஷ்டம்.

வருஷங்கள் ஓடின. டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்றார். எனக்கு நடுவில் மாற்றலாகி, மறுபடி இதே தடத்துக்கு வந்தேன். புது மாப்பிள்ளையும் பழசாகிவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அதற்கும் செல்ஃப் எடுக்காமல் போனது. பேட்டரி செத்துவிட்டது, வேறு வரும்வரை சமாளியுங்கள் என்றது டிப்போ. சமதரையில் எப்படிச் சமாளிப்பது? இரண்டு நாள் ரோட்டுக்காரர்கள் தள்ளினார்கள், மூன்றாவது நாள் எல்லோருக்கும் இடுப்பு வலி. புது டிரைவர் ஒரே பிடியாக, "இப்படியே இருந்தா ஹால்ட்டை அடுத்த ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்றார்.

டீக்கடைக்காரர் ஆடிப்போய்விட்டார். காலைக் கூட்டம் போனால் கடைக்கு என்ன இருக்கிறது? என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்ச நாளைக்கு வண்டி மேட்டுல நிக்கட்டும். பாப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

என்ன தைரியம் பாருங்கள். ஆனாலும் போனேன். மறுபடி வண்டி வருகிறது என்றால் அக்கா சந்தோஷப்படுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அக்கா கேட்டுவிட்டு, "இங்க ஏறுறதுக்கு யாரு இருக்கா தம்பி?" என்றார்.  பிறகு அவரே கொஞ்சம் யோசித்து, "சரி, நிக்கட்டும். கல்லு ரெண்டும் இருக்கு. ஆனா காலையில என் அண்ணன்தான் வந்து எடுக்கணும். அவர் கையால எடுக்கணும்" என்றார்.

டீக்கடைக்காரர் கேட்டுவிட்டுக் குதித்தார். "கொழுப்பப் பாரு! இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் மேடு ஏறணுமா?" சாயங்காலமே வண்டியில் வந்து எங்கள் அறையில் படுத்துக்கொள்ளலாமே என்றேன். "அவ வீட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் படுக்குறது?" என்றார். மனிதருக்கு அவ்வளவு வெட்கமாவது இருந்தது.

முதல் நாள் விடியலில் டார்ச் லைட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை. அவர் கயிற்றை இழுத்தார், முதல் கல், பிறகு இரண்டாவது. வண்டி நகரவில்லை.

"சொன்னாத்தான் போகும்" என்றார் அக்கா.

"கல்லு எடுத்தாச்சு" என்று முனகினார். டிரைவர் காதில் விழவில்லை. இரண்டாவது முறை கத்த வேண்டியிருந்தது. வண்டி உருண்டது. அவரும் ஏறிக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நாலடி ஓடி வந்தார். பின் படியில் நின்ற எனக்கு அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நிக்காதுண்ணே. எடுத்தவங்க நடந்துதான் போகணும்."

இரண்டாம் நாள் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். படியில் ஓரமாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் குடித்தார். வண்டி உருண்டதும் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை அவர் பின்னால் ஓடி வரவில்லை. போய்த் தங்கச்சி பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டிருந்தார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது. அன்று முழுக்க யாரையும் திட்டாமல் டிக்கெட் கொடுத்தேன். மத்தியானம் கடையில், "நாளைக்கு டீத்தூள் நல்லதா ஒரு பொட்டலம் எடுத்துட்டுப் போகணும், பாப்பா வெச்சிருக்குறது தூசி" என்று அவரே சொன்னார்.

அன்று பிற்பகல் ட்ரிப்பில் டிப்போவில் புது பேட்டரி மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் வண்டி ரோட்டிலேயே நின்றது. அக்காவுக்கு யார் சொல்வது என்று கேட்டேன்.

"காலையில நானே போய்ச் சொல்றேன் தம்பி. டீத்தூள் வேற குடுக்கணும்" என்றார் டீக்கடைக்காரர்.

காலையில் சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது. அவர் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "போகலையா?" என்றேன். "போகலாம் போகலாம், கூட்டம் கொறையட்டும்" என்றார். கல்லா மேஜையில் டீத்தூள் பொட்டலம் இருந்தது. மத்தியானம் வந்து பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது.

நான் ஏறிப் போனேன். சரிவில் கல் இரண்டும் சக்கரம் வரும் இடத்தில் சரியாக வைத்திருந்தன, கயிறுகள் ஓரமாகச் சுருட்டியிருந்தன. வாசல்படியில் இரண்டு டம்ளர், ஈ விழாமல் மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. அக்கா உள்ளே சீருடைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி வந்துடுச்சுக்கா. அதான் நேத்து வண்டி மேல வரல."

"வண்டி வராதுன்னு நேத்து சாயங்காலமே தெரிஞ்சுது தம்பி. வெளக்கு கீழயே நின்னுடுச்சே." ஊசியை வெளிச்சத்தில் பிடித்து நூல் கோத்தார். "வண்டி வராட்டியும் அண்ணன் வருவாருன்னு நெனச்சேன்."

நான் தட்டை விலக்கிப் பார்த்தேன். டீ ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள், வருவார் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது பொய்யென்று தெரிந்ததால் சொல்லவில்லை.

"செல்ஃப் நல்லா எடுக்குதா?" என்று அக்காவே கேட்டார்.

"தொட்டதும் எடுக்குதுக்கா."

"எடுக்கட்டும்" என்றார் அக்கா. "நான் கேட்டு வாங்குன வண்டியாச்சே."